பத்து நாள் பார்த்த ஜப்பான்

ஜப்பானுக்குப் போய்த் திரும்பியவர்கள் நம் பத்திரிகைகளில் எழுதுகிற கட்டுரைகளை நான் ஒன்று விடாமல் படித்து வருகிறேன். படித்துப் படித்துச் சலித்தும்விட்டது. எழுதுகிறவர் பெயர்தான் மாறுகிறது, கட்டுரை ஒன்றேதான். ரயில் நிமிஷம் பிசகாமல் வந்தது. தெருவில் ஒரு காகிதத் துண்டைக்கூடக் காண முடியவில்லை. வண்டியில் மறந்து வைத்த குடை மறுநாள் பத்திரமாகத் திரும்பி வந்தது. கடைக்காரப் பெண் இடுப்பு வளைய வணங்கினாள். கடைசிப் பாராவில் ஒரு பெருமூச்சு: 'நம் நாடு எந்தக் காலத்தில் இப்படி ஆகப் போகிறதோ!'

இதில் எதுவும் பொய் இல்லை. ரயில் வருவதும் உண்மை. குடை கிடைப்பதும் உண்மை. ஆனால் உண்மைகளையே பொறுக்கி எடுத்து வரிசையாக அடுக்கி, முழுப் பொய் ஒன்றைச் சொல்லிவிட முடியும் என்று நான் சொல்லுகிறேன். இந்தக் கட்டுரைகள் அதைத்தான் செய்து வருகின்றன.

பத்து நாள் யாத்திரிகர் ரயிலடியில் வாங்கிச் சாப்பிடுகிறாரே ஒரு சாப்பாட்டுப் பெட்டி—வெள்ளைச் சாதத்தின் நடுவில் உப்பிலிட்ட சிவப்புப் பழம் ஒன்றைப் பதித்து, மூடி போட்டு, 'இதுவல்லவோ கலை!' என்று வியந்து எழுதுகிறாரே—அந்தப் பழத்தை நள்ளிரவில் பதித்த கை யாருடையது? அவர் படுத்தெழுந்த ஓட்டல் படுக்கையை மடித்தது யார்? விடியற்காலையில் அவர் காப்பி வாங்கிய மூலைக்கடையில் இரவெல்லாம் நின்று சரக்கு அடுக்கியது யார்? நேபாளத்துப் பையன், வியட்நாமியப் பெண், பர்மாக்காரன், இலங்கைக்காரன், இப்போது நம்மவனும் கூட. யாத்திரிகர் அவர்களைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும், ஜப்பானியரைப் பார்க்க வந்த இடத்தில் இவர்களைப் பற்றி என்ன எழுதுவது என்று விட்டுவிடுகிறார்.

நான் அவர்களைத்தான் பார்த்தேன். 2025-ஆம் வருஷத்து வசந்த காலத்தில், டோக்கியோவை ஒட்டிய ஒரு சிற்றூரில், என் தமக்கையின் மகன் குடியிருந்த அறையில் ஏழு வாரம் தங்கினேன். ஆறு பாய் விரிக்கிற அறை அது. அந்த நாட்டில் அறையைப் பாய்க் கணக்கில்தான் சொல்லுகிறார்கள். நம் கணக்கில் பத்தடிக்குப் பத்தடி. அதில் இவனும் ஒரு நேபாளத்துப் பையனும். ஒருவன் வேலைக்குப் போகிற நேரத்தில் மற்றவன் தூங்குவான். நான் போன பிறகு மூன்று பேருக்கு முறை வைத்துத் தூங்கினோம். ஏழு வாரம் என்பதும் பெரிய காலமல்ல. ஆனால் வாசற்படியில் நின்று பார்த்ததற்கும் உள்ளே படுத்துப் பார்த்ததற்கும் வித்தியாசம் உண்டு.

அந்த அறை கிடைத்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாலு வீட்டுத் தரகர் ஆபீஸ்களில் ஏறி இறங்கினானாம் பையன். எங்கும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, வீட்டுக்காரருக்கு டெலிபோன் செய்து, 'வெளிநாட்டவர். ஆனால் நம் பாஷை பேசுகிறார்' என்று சிபாரிசும் செய்வார்களாம். பிறகு ரிஸீவரை மெல்ல வைத்துவிட்டு, எழுந்து நின்று, தலை தாழ்த்தி, மிகவும் வருந்துகிறோம் என்பார்களாம்.

"மாமா, திட்டி அனுப்பினாக்கூடத் தேவலை. நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்திருப்பேன். கும்பிட்டு அனுப்பறவங்ககிட்டே என்ன பேசறது?" என்றான்.

அவன் ஒருவனுடைய துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த நாட்டு நீதி இலாகாவே ஒரு விசாரணை நடத்தி 2017-இல் வெளியிட்டது. முந்திய ஐந்து வருஷங்களில் வீடு தேடிய அந்நியர்களில் நூற்றுக்கு நாற்பது பேர், அந்நியர் என்ற ஒரே காரணத்துக்காக வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். சொன்னது சர்க்காரின் சொந்த விசாரணை. எதிரி எவனும் கட்டிவிட்ட கதையல்ல. ஐந்தாவது இடத்தில் வீடு கிடைத்தால் முன்பணம் உண்டு. ஜாமீன் நிற்கும் கம்பெனிக்குக் கட்டணம் உண்டு. அதற்கு மேல் வீட்டுக்காரருக்கு 'நன்றிப் பணம்' என்று ஒன்று, திரும்பி வராதது. வீடு கொடுத்ததற்கு நன்றி! அந்தப் பணம் ஜப்பானியனும் கொடுப்பதுதான். நாலு வாசலில் தலை தாழ்த்தி அனுப்பப்பட்ட பிறகு கொடுக்கும்போது அதன் பெயர் சற்று உறுத்துகிறது.

அடுத்தது வயிற்றுப்பாடு. பையன் பாஷைப் பள்ளி மாணவன். மாணவன் வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் கூலி வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு எட்டு மணி வரை செய்யலாம். நான் இருந்த சமயத்தில் அமலில் இருந்த குறைந்தபட்சக் கூலி, தேசிய சராசரி, மணிக்கு 1,055 யென். இரவு பத்திலிருந்து விடியற்காலை ஐந்து வரை உழைத்தால் நூற்றுக்கு இருபத்தைந்து கூடுதல். ஆகவே எல்லாப் பையன்களும் இரவு வேலைக்கே ஓடுகிறார்கள். இரவுக்கு ஏழு மணி, நாலு இரவு, 28 மணி. மாதம் ஒன்றரை லட்சம் யென்னுக்குச் சற்று மேலே வரும்.

ஒன்றரை லட்சமா என்று வாயைப் பிளக்காதீர்கள். இவன் பள்ளிக்கூடச் சம்பளம் வருஷத்துக்கு ஏழரை லட்சம் யென். மாதக் கணக்குப் போட்டுக் கழியுங்கள். அறை வாடகையில் பாதி, வைத்திய இன்ஷூரன்ஸ், மின்சாரம், ரயில், அரிசி, முட்டை—எல்லாம் போக இருபதாயிரம் யென் மிஞ்சினால் அந்த மாதம் நல்ல மாதம். இங்கே என் தமக்கை, பையனை அனுப்புவதற்காக எட்டு லட்சம் ரூபாய் இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறாள். மிஞ்சிய யென்னை ரூபாயாக்கினால் வட்டிக்கே போதாது. முதல் அப்படியே மலைபோல் நிற்கிறது.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. சட்டம் அவனைப் பார்த்து, 'நீ படிக்க வந்தவன்; 28 மணிக்கு மேல் உழைத்தால் அடுத்த தடவை அனுமதி கிடைக்காது' என்கிறது. தொழிற்சாலையோ, 'இன்று இரண்டு பேர் வரவில்லை. விடிகிற வரை நிற்க முடியுமா?' என்று கேட்கிறது. நின்றால் குற்றவாளி, நிற்காவிட்டால் கடன்காரன். இரவெல்லாம் அந்தப் பெட்டிச் சாதத்தில் பழம் பதித்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துக்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு ஏறும்? தூங்குகிறான். 'இந்த நாட்டுப் பையன்கள் வகுப்பில் தூங்குகிறார்கள்' என்று பெயர் வந்துவிடுகிறது.

பெயர் வருவது அங்கே சுலபம். ஒருநாள் விடிந்து பார்த்தால் எங்கள் அறை வாசலில் ஒரு குப்பைப் பை. எரிகிற குப்பை ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், பாட்டில் ஒரு நாள் என்று ஊரூராகச் சட்டம் வைத்திருக்கிறார்கள்—நல்ல சட்டம்தான், நாமும் பின்பற்ற வேண்டியதுதான். யாரோ நாள் தவறிப் போட்ட பையை, அது எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அழகாகக் கட்டி, ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது மேல்மாடி ஜப்பானியருக்கு வந்த கடித உறைகள். பையன் அதைத் திரும்பக் கட்டி, உரிய நாள் வரை தன் அறையிலேயே வைத்திருந்து, தானே கொண்டு போய்ப் போட்டான். ஏன்டா என்றேன். "சண்டை போட்டா நான் சண்டைக்காரன் ஆயிடுவேன் மாமா, நான் மட்டுமில்லே, நம்ம ஊரே ஆயிடும்" என்றான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒரு தேசத்தையே முதுகில் சுமந்துகொண்டு குப்பை போடப் போகிறான்!

சைக்கிளில் போனால் போலீஸ்காரர் நிறுத்துகிறார். 'இந்தச் சைக்கிள் உம்முடையதா?' மரியாதையாகத்தான் கேட்கிறார். குடியிருப்புச் சீட்டை எப்போதும் மடியிலேயே வைத்திருக்க வேண்டும். குளிக்கும் நேரம் தவிர என்று வைத்துக்கொள்ளுங்களேன். இல்லாவிட்டால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நான் இருந்த ஏழு வாரத்தில் பையனை மூன்று தடவை நிறுத்தினார்கள். அதே தெருவில், அதே விதமான சைக்கிளில் போன ஜப்பானிய வாலிபர்களை நிறுத்தி நான் பார்க்கவில்லை. தோலைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று மூன்று பேர் 2024 ஜனவரியில் டோக்கியோ கோர்ட்டில் வழக்கே போட்டார்கள்.

ரயிலில் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். எதிரே நாலு பேர் நின்றுகொண்டு வருவார்கள். ஒரு தடவை நடந்தால் தற்செயல். ஏழு வாரமும் நடந்தால் அதற்கு வேறு பெயர். பேச ஆரம்பித்தால், 'வணக்கம்' என்ற ஒரு சொல்லுக்கே, 'ஆஹா, எங்கள் பாஷையை எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்!' என்று பாராட்டு. அந்தப் பாராட்டைத் தொடர்ந்து தவறாமல் ஒரு கேள்வி: 'ஊருக்கு எப்போது திரும்புகிறீர்கள்?'

நண்பர்களே, இந்தக் கேள்வியை விடாதீர்கள். சிரித்த முகத்தோடு, ஒரு குற்றமும் இல்லாமல், கிழவியும் குழந்தையும் கேட்கிற இந்தக் கேள்விதான் அந்த நாட்டின் சட்டப் புத்தகம் முழுவதும் எழுதியிருக்கிறது.

1952-இல் ஓர் அந்நியர் பதிவுச் சட்டம் செய்தார்கள். விரல் ரேகை பதிய வேண்டும் என்றார்கள். யார் பதிய வேண்டும்? அங்கேயே பிறந்து, அந்த பாஷையன்றி வேறு பாஷை அறியாத கொரியர்களும்தான். 1980-களில் அவர்கள் மறுத்துப் போராடி, 1993-இல் நிரந்தரவாசிகளுக்கும் 2000-இல் எல்லோருக்கும் அந்த வழக்கம் ஒழிந்தது. 2007 நவம்பரில் விமான நிலைய வாயிலில் அது திரும்ப வந்தது. அந்தப் பழைய கொரியக் குடிகளைப் போன்ற சிலரைத் தவிர, வருகிறவர் எல்லோரும் விரலை நீட்ட வேண்டும். 1993-இல் 'தொழில் பயிற்சி' என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. ஏழை நாட்டு இளைஞருக்கு வித்தை கற்றுக்கொடுத்து அனுப்புவதாகப் பெயர். கற்றுக்கொடுத்த வித்தை தக்காளி பறிப்பது, மீன் வெட்டுவது, கம்பி கட்டுவது. எஜமானன் அடித்தாலும் வேறு எஜமானனிடம் போக, ஏறக்குறைய, வழி கிடையாது. 2023 ஒரு வருஷத்தில் மட்டும் 9,700-க்கு மேற்பட்ட பயிற்சியாளர்கள் வேலை செய்த இடத்தை விட்டு ஓடிப்போனார்கள். வித்தை கற்கிற இடத்தை விட்டு வருஷத்துக்குப் பத்தாயிரம் சிஷ்யர்கள் ஓடினால் அது குருகுலமா? 2019-இல் வேறொரு அனுமதி வந்தது. அதன் முதல் படியில் ஐந்து வருஷம் உழைக்கலாம். மனைவி மக்களை அழைத்து வரக்கூடாது. இரண்டாம் படி ஏறினால் அழைத்து வரலாம், ஏறுகிறவர் சிலர். 'இது குடியேற்றக் கொள்கை அல்ல' என்று அப்போதைய பிரதமர் ஆபே சொன்னார். அவர் சொன்னது உண்மை. கை வேண்டும், கால் வேண்டும், முதுகு வேண்டும். குடும்பம் வேண்டாம், கிழத்தனம் வேண்டாம். எப்போது திரும்புகிறாய்?

இந்தக் கேள்வி ஒரு பெண்ணை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். க்யூஷு தீவில் குமமோட்டோ ஜில்லாவில் ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் வியட்நாமிய இளம்பெண் ஒருத்தி பயிற்சியாளராக இருந்தாள். தலைக்கு மேல் கடன். கர்ப்பம் தரித்தாள். கர்ப்பம் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. சட்டப்படி அனுப்பக்கூடாதுதான், சட்டப் புத்தகத்தை அவளுக்கு யார் படித்துச் சொன்னார்கள்? 2020 நவம்பரில் தன் அறையில் தனியாக, இறந்தே பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். துணியில் சுற்றி, ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, இரண்டுக்கும் பெயரிட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்தாள். பிரேதத்தைக் கைவிட்ட குற்றம் என்று கைது செய்தார்கள். கீழ்க் கோர்ட்டும் அடுத்த கோர்ட்டும் குற்றவாளி என்றன. 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அவளை விடுதலை செய்தது. அந்த நாட்டு வக்கீல்களும் அந்த நாட்டுப் பெண்களும் அவளுக்காகத் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். அதையும் நான் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: கர்ப்பத்தைக் குற்றம்போல் ஒளித்து வைக்கும்படி ஒரு பெண்ணைப் பயமுறுத்தி வைத்திருக்கிற ஏற்பாட்டுக்கு, ரயில் நேரத்துக்கு வருகிறது என்பது சமாதானமாகுமா?

'போன இடத்தில் அடங்கி இருக்க வேண்டியதுதானே! விருந்தாளி உரிமை பேசலாமா?' என்று கேட்கிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஐயா, விருந்தாளி என்பவன் யார்? வீட்டுக்காரன் சமைத்துப்போட உட்கார்ந்து சாப்பிடுகிறவன். இவன் வீட்டுக்காரனுக்குச் சமைக்கிறான், அவனுடைய கிழத் தாய் தகப்பனைக் குளிப்பாட்டுகிறான், கழிப்பறையைத் தேய்க்கிறான். வாடகை கொடுக்கிறான், வாங்குகிற பொருளுக்கெல்லாம் வரி கொடுக்கிறான், சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் வருமான வரியும் ஊர் வரியும் கட்டுகிறான். இப்படி ஒரு விருந்தாளியை எந்த ஊரிலாவது கண்டதுண்டா?

இன்னொரு கட்சி, 'ஜப்பானியனும் அப்படித்தான் உழைக்கிறான்; உழைத்தே சாகிறான்' என்பது. வாஸ்தவம். உழைத்துச் சாவதற்கென்றே அந்த பாஷையில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. ஆனால் செத்துப் பிழைக்கிற ஜப்பானியனைப் பார்த்து யாரும் எப்போது திரும்புகிறாய் என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் பிறந்து 2000-இல் ஜப்பானியப் பிரஜையாகவே ஆகிவிட்ட ஒருவர், வடக்கே ஒடாரு நகரத்தில் ஒரு பொதுக் குளியல் விடுதிக்குப் போனார். பிரஜை என்பதற்கு அத்தாட்சி காட்டினார். முகம் அந்நிய முகம் என்று உள்ளே விடவில்லை. 2002-இல் ஸப்போரோ கோர்ட், அவருக்கும் அவரோடு வழக்காடிய இருவருக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் யென் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் 1995-இல் சேர்ந்த அந்த நாடு, வீட்டிலும் கடையிலும் ஒருவனைப் பிறப்பைப் பார்த்து விலக்கக் கூடாது என்று பொதுவாக ஒரு சட்டம் இயற்றவில்லை. 2016-இல் துவேஷப் பேச்சுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அதில் தண்டனை என்று ஒன்று இல்லை.

நான் ஜப்பானிய ஜனங்களைத் தூஷிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பையன் குடியிருந்த ஊரில் ஒரு பொதுக் கூடத்தில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வாரம் இரு மாலை இந்தப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாஷை சொல்லிக் கொடுக்கிறார். ஊர் ஆபீஸிலிருந்து வருகிற கடிதங்களைப் படித்து விளக்குகிறார். ஏழு வாரத்தில் 'எப்போது திரும்புகிறீர்கள்' என்று கேட்காத ஒரே மனுஷி அவர்தான். இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என் சண்டை இவர்கள் செய்வதைச் சர்க்கார் செய்யாமலிருப்பதோடு; சர்க்கார் செய்யாததைப் பார்க்காமல் வந்து நமக்கு உபதேசம் செய்கிற நம்மூர் யாத்திரிகர்களோடு.

மேலும், எண்களைப் பாருங்கள். 2024-இல் அந்த நாட்டில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. அந்த ஒரே வருஷத்தில் ஜப்பானியரின் தொகை ஒன்பது லட்சத்துக்கு மேல் குறைந்தது. அதே வருஷக் கடைசியில் அங்கே வசித்த அந்நியர் 37 லட்சத்துக்கு மேல். இவர்கள் இல்லாவிட்டால் தோட்டம் காயும், கிழவர்கள் பட்டினி கிடப்பார்கள். இது தெரிந்தும், 2025 ஜூலைத் தேர்தலில் 'முதலில் ஜப்பானியர்' என்று கோஷம் போட்ட ஒரு கட்சி மேல்சபையில் 14 இடங்களைப் பிடித்தது. தேவைப்படுகிறவன் மீதே கோபம் வருவது மனித சுபாவத்தின் விசித்திரங்களில் ஒன்று.

அந்த விசித்திரம் நமக்கும் அந்நியமல்ல. நம் ஓட்டலில் மேஜை துடைக்கிற, நம் கட்டடத்துக்குச் செங்கல் சுமக்கிற வடநாட்டுப் பையனை நாம் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்? அவனுக்கு வீடு கொடுக்க எத்தனை பேர் முன்வருகிறோம்? ஜப்பானியன் வணங்கி மறுக்கிறான். நாம் வணங்காமல் மறுக்கிறோம். அங்கே நம் பிள்ளைக்கு நியாயம் கேட்கிற வாய், இங்கே அந்தப் பிள்ளைக்கும் கேட்டால்தான் அந்த வாய்க்கு மதிப்பு.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்லுகிறேன் என்றால், காரியம் வாசலுக்கே வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் இரு நாட்டுப் பிரதமர்களும் டோக்கியோவில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஐந்து வருஷத்தில் இந்தியாவிலிருந்து 50,000 பேர் ஜப்பானுக்கு வேலைக்கும் தொழிலுக்குமாகப் போகலாம் என்பது அதன் ஒரு பகுதி. ஊருக்கு ஊர் ஜப்பானிய பாஷை வகுப்புப் பலகைகள் தொங்க ஆரம்பித்திருக்கின்றன. பலகைக்குப் பின்னால் தரகன் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பலகையில் செர்ரிப் பூவும், பனி மூடிய மலையும், நேரத்துக்கு வருகிற ரயிலும் வரைந்திருக்கிறது. அந்தப் படத்தை வரையத் தரகனுக்குச் சாயம் குழைத்துக் கொடுத்தவர்கள் யார்? நம் பத்து நாள் யாத்திரிகர்கள்தாம்.

போகாதே என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன். உலகத்தைப் பார்க்கப் புறப்படுகிற காலைக் கட்டுகிறவன் நானல்ல. போகட்டும், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும். 28 மணிக் கணக்கைப் புறப்படுவதற்கு முன்பே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். கடன் வாங்கி அனுப்புகிற தாய்க்கு அந்தக் கணக்கு தெரியட்டும். தரகன் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு நம் சர்க்கார் ஒரு வரம்பு கட்டட்டும். மீறுகிறவனை உள்ளே தள்ளட்டும். அந்தப் பயிற்சித் திட்டத்தை ஒழித்து, எஜமானனை மாற்றிக்கொள்ளச் சற்று இடம் கொடுத்து, 2027-இல் அமலாகும்படி 2024-இல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். அது காகிதத்தில் மட்டும் நின்றுவிடாமல் பார்க்க வேண்டிய பொறுப்பு, ஆளை வாங்குகிற நாட்டுக்கு மட்டுமல்ல, அனுப்புகிற நாட்டுக்கும் உண்டு.

பத்து நாள் போய்வருகிற எழுத்தாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த தடவை போகும்போது இரவு பதினொரு மணிக்கு அந்த மூலைக்கடைக்குள் போங்கள். கல்லாவில் நிற்கிற பையனைப் பார்த்து, எந்த ஊர், எப்போது சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய் என்று கேளுங்கள். எப்போது திரும்புகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அவன் சொல்வதை அப்படியே எழுதுங்கள். ரயிலைப் பற்றி எழுத இடம் போதவில்லையானால் பரவாயில்லை. அது தானாக நேரத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.